பண்ணைக் கொட்டகைக்குக் கூரைத் தகடு வாங்கப் போகிறீர்களா? தராசையும் எடுத்துக்கொண்டு போங்கள்

முதல் கொட்டகை போட்டு ஐந்தாவது வருஷம். விடியற்காலை பால் கறந்துகொண்டிருக்கும்போது புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. வெளியே மழை இல்லை. துடைத்துப் பார்த்தால் செம்மண் நிறம். அண்ணாந்து பார்த்தேன். தகட்டின் அடிப்பக்கம் முழுக்கத் துருப் பொருக்கு. குச்சியால் தட்டினால் உதிர்ந்தது. ஏணி போட்டு மேலே ஏறிப் பார்த்தால், மேல்பக்கம் நேற்று வாங்கியதுபோலப் பளபளக்கிறது.

பத்து வருஷ உத்தரவாதம் இருக்கிறதே என்று விற்றவரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. என்னிடமிருந்த அட்டையையே வாங்கித் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்: கால்நடைகளை அடைத்து வைக்கும் கட்டடங்களுக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது. ஐந்து வருஷமாக அந்த அட்டை என் பீரோவில்தான் இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது கூரைக்கு மூன்று மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். முதல் தடவை கொட்டகை போடுகிறவர்கள் இதே வரிசையில் போனால் போதும்.

1. மேலே பார்க்கும் முன் கீழே பாருங்கள்

கடைக்குப் போனதும் "எத்தனை ஷீட் வேண்டும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கீழே என்ன இருக்கப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கூரையின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான்.

மாடு, ஆடு, பன்றி, கோழி எதுவானாலும் சிறுநீரும் சாணமும் எச்சமும் மக்கும்போது அம்மோனியா கிளம்பும். கூடவே கால்நடைகள் விடும் மூச்சின் ஈரம். இரண்டும் சேர்ந்து மேலே போய், இரவில் குளிர்ந்த தகட்டின் அடியில் பனித்துளியாகப் படியும். அந்த ஈரம் துத்தநாகப் பூச்சைத் தின்னும். மேல்பக்கத்தை மழை கழுவிவிடுகிறது. அடிப்பக்கத்தைக் கழுவ யாரும் இல்லை. அதனால்தான் என் கூரை அடியிலிருந்து செத்தது.

உரமூட்டைக் கிடங்கும் இதே ரகம்தான். யூரியா, பொட்டாஷ், உப்பு எல்லாம் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். வைக்கோல் போருக்கும் தானியத்துக்கும் அரிப்பு பெரிய பிரச்சினை இல்லை. அங்கே ஒழுகாமல் இருப்பதும், தீப்பிடிக்காத பொருளாக இருப்பதும் முக்கியம். டிராக்டரும் கலப்பையும் நிறுத்துகிற கொட்டகைக்கு எதைப் போட்டாலும் ஓடும், அங்கே பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

ஆகவே முதல் வேலை: ஒரு தாளில் கொட்டகையின் பயன், நீளம், அகலம், எத்தனை பக்கம் திறந்திருக்கும், கடல் எவ்வளவு தூரம், பின்னால் சூரியத் தகடு வைக்கும் எண்ணம் உண்டா என்று எழுதிக்கொள்ளுங்கள். சூரியத் தகடு சட்டங்களோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிலோ எடை ஏற்றும். அதை இப்போதே வெல்டரிடம் சொல்லாவிட்டால் பின்னால் தூணையே மாற்ற வேண்டி வரும்.

2. பொருளைத் தேர்ந்தெடுப்பது

கடையில் அடுக்கி வைத்திருப்பது பத்து வகை. உண்மையில் யோசிக்க வேண்டியது ஐந்தாறுதான்.

முதலில் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. இதில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, பூச்சு எத்தனை கிராம் என்பது. இசட் 275 என்றால் ஒரு சதுர மீட்டர் தகட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம், பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான். இசட் 120 என்றால் அதில் பாதிக்கும் குறைவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். விலை குறைவாகச் சொல்கிற இடத்தில் பெரும்பாலும் குறைந்திருப்பது இந்தப் பூச்சுதான்.

அடுத்தது அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய தகடு. கால்வால்யூம் என்ற பெயரில் பரவலாகத் தெரியும். பூச்சில் 55 விழுக்காடு அலுமினியம், 43.4 விழுக்காடு துத்தநாகம், 1.6 விழுக்காடு சிலிக்கான். ஏஇசட் 150 என்பது வழக்கமான நல்ல பூச்சு. வெட்டவெளியில் ஜிஐயைவிட நெடுநாள் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் அலுமினியத்துக்குக் காரம் ஆகாது. ஈரச் சிமெண்டு, சுண்ணாம்பு, சாண ஆவி எல்லாம் காரம். கால்நடைக் கொட்டகைகளை உத்தரவாதத்திலிருந்து விலக்கும் வரி இந்தத் தகடுகளின் அட்டையில்தான் அதிகம் தென்படும். "இதுதான் லேட்டஸ்ட், எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்" என்று சொன்னால் மாட்டுக் கொட்டகைக்கு உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

இதிலேயே இன்னொரு பொறி. வெயில் தாங்கவில்லை என்று சிலர் இந்தத் தகட்டின் மேல் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அது பூச்சையே அரித்துவிடும். வெள்ளை வேண்டுமென்றால் ஆலையிலேயே வெள்ளை வண்ணம் பூசி வருவதை வாங்குங்கள். வண்ணம் பூசாத வெற்றுத் தகடு வெயிலைத் திருப்பி அனுப்பினாலும், வாங்கிய சூட்டை எளிதில் வெளியே விடாது. வெள்ளை வண்ணம் இரண்டையும் செய்யும். கறவை மாட்டுக்கும் கோழிக்கும் இந்த வித்தியாசம் தீனி எடுப்பதிலேயே தெரியும். வண்ணத் தகடு வாங்கும்போது அடிப்பக்கத்தில் என்ன பூசியிருக்கிறது என்றும் கேளுங்கள். பொதுவாக அடியில் மெல்லிய ஒற்றைப் பூச்சுதான் இருக்கும். கால்நடைக்கு அடிப்பக்கமும் தடித்த பூச்சு உள்ளதாகச் சொல்லி வாங்க வேண்டும்.

மூன்றாவது சிமெண்டு நார் அட்டை. நான் சொல்வது கல்நார் கலக்காத அட்டையை. துருப்பிடிக்காது, மழைச் சத்தம் குறைவு, கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் சொட்டுவதும் குறைவு. எடைதான் சிக்கல். சதுர மீட்டருக்கு 13 முதல் 17 கிலோ வரை வரும், இரும்புத் தகடோ 4, 5 கிலோதான். எனவே அடியில் போடும் சட்டம் கனக்க வேண்டும், செலவு அங்கே ஏறும். மேலே கால் வைத்தால் உடையும்.

கல்நார் அட்டை, அதாவது ஆஸ்பெஸ்டாஸ், விற்கிற இடத்தில் விலை மலிவாகத்தான் இருக்கும். எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவிலேயே சேர்த்திருக்கிறது. புதிதாகப் போடாதீர்கள். பழைய கொட்டகையில் இருந்தால் நீங்களாகவே உடைக்கவோ, துளையிடவோ, அழுத்த நீர் பாய்ச்சிக் கழுவவோ வேண்டாம். நனைத்து, முழுசாகக் கழற்றி, உறையில் கட்டி அப்புறப்படுத்தத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். அந்தச் செலவைத் திட்டத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள், கடைசியில் அதுதான் தூக்கிவாரிப் போடும்.

யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் தகடு அம்மோனியாவுக்கு அசையாது. என் இரண்டாவது கொட்டகையில் கன்றுக்குட்டிகள் இருக்கும் பக்கம் இதைத்தான் போட்டேன். ஆனால் பிளாஸ்டிக் வெயிலில் இரும்பைவிடப் பல மடங்கு நீளும். ஆறு மீட்டர் இரும்புத் தகடு 40 டிகிரி சூட்டு வித்தியாசத்தில் 3 மி.மீ. நீண்டால், அதே நீள பிளாஸ்டிக் 15 மி.மீ.க்கு மேல் நீளும். திருகுக்கு இறுக்கமாகத் துளை போட்டால் துளையைச் சுற்றி விரிசல் விடும். துளை பெரிதாக, வாஷர் அகலமாக இருக்க வேண்டும். தீப்பொறி பறக்கும் வெல்டிங் வேலை நடக்கும் இடத்துக்கு இது ஆகாது.

பஃப் பேனல் என்கிற நடுவில் நுரை வைத்த தகடு, சூட்டையும் சொட்டையும் ஒரேயடியாகத் தீர்க்கும். மூடிய கோழிப்பண்ணைக்கு அருமை. கால்நடைக்கு வாங்கினால் உள்முகத் தகட்டின் பூச்சையும் முன்பு சொன்ன கணக்கிலேயே கேளுங்கள். ஆனால் வெட்டிய ஓரத்தை மூடாமல் விட்டால் எலியும் எறும்பும் நுரைக்குள் குடித்தனம் வைத்துவிடும். ஓர மூடி எல்லாப் பக்கத்துக்கும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தனி அலுமினியத் தகடு, தார் நார்த் தகடு, ஓடு, கீற்று எல்லாம் உண்டு. அலுமினியம் இரும்புபோலத் துருப்பிடித்து இளைக்காது, பணப்பைதான் இளைக்கும். தவிர, இரும்புச் சட்டத்தோடு நேராக ஒட்டினால் அரிப்பு வரும், இடையில் தடுப்புப் பட்டை வைக்க வேண்டும். தார் நார்த் தகடு வெயிலில் தொய்யும். கீற்றின் குளுமைக்கு ஈடில்லை, தீக்கும் ஈடில்லை.

வெளிச்சத்துக்காக இடையிடையே கண்ணாடித் தகடு என்று சொல்லும் ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு போடுவது வழக்கம். பாலிகார்பனேட் என்றால் ஒரு முகத்தில் மட்டும் புற ஊதாக் காப்பு இருக்கும் வகைதான் அதிகம். அந்த முகத்தில் ஒட்டியிருக்கும் காகிதத்தை மாட்டும்வரை கிழிக்க விடாதீர்கள். தலைகீழாக மாட்டினால் சில வருஷத்தில் மஞ்சளாகி நொறுங்கும்.

3. தடிமன்: "26 கேஜ்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள்

நான் ஏமாந்த இடங்களில் இதுதான் பெரியது. கேஜ் என்பது ஒரே அளவு இல்லை. எந்த அட்டவணையை வைத்துப் பேசுகிறார் என்பதைப் பொறுத்து 26 கேஜ் தகடு 0.45 மி.மீ.யாகவும் இருக்கலாம், 0.55 ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஐந்தில் ஒரு பங்கு இரும்பு காணாமல் போகிறது. எனவே மில்லிமீட்டரில் மட்டும் பேசுங்கள்.

அதிலும் இரண்டு கணக்கு. பிஎம்டி என்பது பூச்சில்லாத வெறும் இரும்பின் தடிமன். டிசிடி என்பது பூச்சும் வண்ணமும் சேர்ந்த மொத்தத் தடிமன். வண்ணத் தகட்டில் இந்த இரண்டுக்கும் 0.07, 0.08 மி.மீ. வரை வித்தியாசம் வரும். "0.50" என்று சொல்லி விற்கப்படும் தகட்டுக்குள் இரும்பு 0.42தான் இருக்கும். விற்பவர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் சரியாகக் கேட்கவில்லை. கோட்டேஷனில் "பிஎம்டி இத்தனை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

எழுதித் தந்தபின்னும் சரிபார்க்க ஒரு வழி உண்டு, தராசு. இரும்பின் எடை ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 7.85 கிலோ. நெளி போடுவதற்கு முன் தகட்டுச் சுருளின் அகலம் பெரும்பாலும் 1.22 மீட்டர். நெளி போட்டபின் குறுகினாலும் எடை குறையாது, எனவே கணக்குக்குச் சுருளின் அகலத்தைத்தான் எடுக்க வேண்டும். மூன்று மீட்டர் நீளத் தகடு என்றால் 3.66 சதுர மீட்டர். பிஎம்டி 0.45 என்றால் இரும்பு மட்டும் 12.9 கிலோ. பூச்சு சதுர மீட்டருக்கு 150 கிராம் என்றால் அது அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஆக ஒரு தகடு சுமார் 13.5 கிலோ. 0.40 ஆக இருந்தால் 12 கிலோதான் வரும்.

இரண்டாவது தடவை தீவனம் நிறுக்கும் தராசில் பத்துத் தகடுகளை ஏற்றி நிறுத்தேன். 135 வர வேண்டும். 121 காட்டியது. ஓட்டுநர் தராசு சரியில்லை என்றார். 50 கிலோ தீவன மூட்டையைத் தூக்கி வைத்தேன், 50 காட்டியது. அதற்கப்புறம் அவர் பேசவில்லை, முதலாளிக்குப் போன் போட்டார். மீதிப் பணம் என் கையில் இருந்ததால் சரக்கு திரும்பிப் போய், சரியான சரக்கு வந்தது. மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்திருந்தால் தராசு என்ன காட்டியிருந்தாலும் பயனில்லை.

4. அளவு எடுப்பது

கூரையின் சரிவை முதலில் முடிவு செய்யுங்கள். அலை நெளித் தகட்டுக்கு 10 டிகிரிக்குக் குறைய வேண்டாம். கால்நடை இருக்கும் இடத்துக்கு 15 டிகிரிக்கு மேல் இருந்தால் சூடும் ஆவியும் தானாக ஏறி முகட்டுக்குப் போகும். 15 டிகிரி என்றால் ஒரு மீட்டர் போவதற்குள் 27 செ.மீ. உயர வேண்டும். வெல்டருக்கு டிகிரியில் சொல்லாமல் இப்படிச் சொன்னால் தவறு நேராது.

உதாரணத்துக்கு 8 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளக் கொட்டகை, இருபுறச் சரிவு. பாதி அகலம் 4 மீட்டர், இறவாரம் 60 செ.மீ. வெளியே நீட்டினால் 4.6. 15 டிகிரிச் சரிவில் தகட்டின் நீளம் 4.76 ஆகும். நீளவாக்கில் இரு முனையிலும் 30 செ.மீ. நீட்டினால் 20.6 மீட்டர். தகட்டின் அகலம் 1.07 என்று சொன்னாலும், ஒன்றின்மேல் ஒன்று ஏறியபின் மூடுவது ஒரு மீட்டர்தான். எனவே பக்கத்துக்கு 21, மொத்தம் 42 தகடு. அகலத்தை 1.07 என்று வைத்து 40 வாங்கிவிட்டு, கடைசி இரண்டு தகட்டுக்காகத் தனி வண்டி பிடித்தவரை எனக்குத் தெரியும். அது நான்தான்.

முகட்டில் காற்று போக வழி விடாமல் மூடிவிடாதீர்கள். கொட்டகை அகலத்தில் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் 5 செ.மீ. திறப்பு என்பது காற்றோட்டக் கொட்டகைகளுக்கு நெடுநாளாக உள்ள கணக்கு. 8 மீட்டருக்கு 13 செ.மீ. அதன்மேல் சற்று உயர்த்திய தொப்பி. இதை வெல்டரிடம் முன்பே சொல்லாவிட்டால் அவர் பழக்கப்படி முகட்டுத் தகட்டை அழுத்தி மூடிவிடுவார், அம்மோனியா உள்ளேயே சுற்றும். என் முதல் கொட்டகையில் நடந்ததில் பாதி இதனால்தான்.

பர்லின் என்று வெல்டர்கள் சொல்லும் குறுக்குச் சட்டத்தின் இடைவெளியைத் தகட்டின் தடிமனும் நெளியும்தான் சொல்ல வேண்டும். தகடு செய்யும் நிறுவனம் அதற்கு அட்டவணை வைத்திருக்கும். கேட்டு வாங்குங்கள். சட்டத்தில் மிச்சம் பிடித்து இடைவெளியை அகட்டினால், திருகு மாட்ட ஏறுகிறவர் நடக்கும்போதே தகடு பள்ளம் விழும்.

5. விலை கேட்பது

எல்லாக் கடைக்கும் ஒரே தாளைக் கொடுங்கள். அதில் இவை இருக்கட்டும்: பொருள், பிஎம்டி, பூச்சு எத்தனை கிராம், வண்ணம், அடிப்பக்கப் பூச்சு, நெளியின் உயரம், நீளம், எண்ணிக்கை, முகட்டு மூடி, ஓர மூடி, திருகு, வண்டி வாடகை, இறக்குகூலி, வரி. குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஒருவர் கிலோவுக்கு விலை சொல்வார், ஒருவர் ஓட்ட மீட்டருக்கு, இன்னொருவர் ஷீட்டுக்கு. எல்லாவற்றையும் "கூரையில் மூடும் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு" என்று மாற்றிக்கொண்டால்தான் ஒப்பிட முடியும். கிலோ விலை சொல்கிறவரிடம் தகடு கனமாக இருக்கக் கனமாக இருக்கச் செலவு ஏறும். ஷீட் விலை சொல்கிறவரிடம் தகடு மெலிந்தால் அவருக்கு லாபம். யாருடைய லாபம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தகட்டில் விலையை இறக்கிவிட்டு முகட்டு மூடி, திருகு, ஓர மூடி ஆகியவற்றில் ஏற்றிவிடுவது பழைய தந்திரம். எனக்கு அப்படி வந்த கோட்டேஷனில் தகடு மற்றவர்களைவிட மலிவு, மொத்தத் தொகை மற்றவர்களைவிட அதிகம். கடைசியில் வரும் மொத்தத் தொகையை மட்டும் பாருங்கள்.

6. விற்பவரைப் பார்ப்பது

தகட்டை நெளி போடும் ஆலையில் நேரே வாங்கினால் விலை குறையும், தேவையான நீளத்துக்கு வெட்டித் தருவார்கள். நடுவில் ஒட்டு வராது. சின்னக் கொட்டகைக்கு அவர்கள் அசைந்து கொடுக்க மாட்டார்கள், அப்போது டீலர்தான். மொத்த வேலையையும் எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர் வசதி, ஆனால் பொருள் என்ன என்பது உங்கள் கையைவிட்டுப் போய்விடும். நான் பொருளைத் தனியாகவும் கூலியைத் தனியாகவும் பிரித்துக்கொண்டேன். அலைச்சல் கூடுதல்தான், ஆனாலும் மறுபடியும் அப்படியே செய்வேன்.

"நீங்கள் கொடுத்த தகட்டில் ஐந்து வருஷம் ஆன கால்நடைக் கொட்டகை ஒன்றைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். புதுக் கொட்டகையைக் காட்டினால் போகாதீர்கள், எல்லாக் கூரையும் முதல் வருஷம் அழகுதான். போனால் வெளியே நின்று பார்க்காமல் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம், திருகைச் சுற்றிய இடம், முகட்டை ஒட்டிய கடைசி முழம், இந்த மூன்றில்தான் துரு முதலில் காட்டும். பண்ணைக்காரர் தனியாகக் கிடைத்தால், குறை சொன்னபோது விற்றவர் போனை எடுத்தாரா என்று கேளுங்கள்.

7. காகிதங்கள்

ஆலையின் சோதனைச் சான்றிதழ் வேண்டும். அதில் சுருள் எண், தடிமன், பூச்சின் எடை இருக்கும். அந்தச் சுருள் எண் தகட்டின்மேல் அச்சிட்ட எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். எங்கிருந்தோ எடுத்த நகலைக் காட்டுவதும் உண்டு.

பில்லில் "கூரை ஷீட் - 42" என்று ஒற்றை வரி எழுதினால் வாங்காதீர்கள். நிறுவனப் பெயர், பிஎம்டி, பூச்சு, நீளம் எல்லாம் பில்லிலேயே வர வேண்டும். நாளைக்கு வழக்கோ காப்பீடோ, பேசப்போவது அந்த வரிதான்.

உத்தரவாத அட்டையைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். கால்நடை, உரம், கடலோரம், வெட்டிய ஓரம் ஆகிய நான்கு சொற்களைத் தேடுங்கள். உங்கள் பயனை விலக்கியிருந்தால், அந்தப் பயனைக் குறிப்பிட்டு நிறுவனத்திடம் தனிக் கடிதம் கேளுங்கள். தர மறுத்தால் அந்தப் பத்து வருஷத்துக்கு மதிப்புச் சுழியம் என்று வைத்து விலை பேசுங்கள். துளை விழுந்தால் மட்டுமா, நிறம் மங்கினாலுமா, புதுத் தகடு மட்டும் தருவார்களா, மாட்டும் கூலியும் தருவார்களா என்பதும் அதிலேயே இருக்கும்.

கடனோ மானியமோ வாங்குகிறீர்கள் என்றால் ஒப்புதல் கைக்கு வருமுன் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒப்புதலுக்கு முந்தைய தேதியிட்ட பில்லை ஏற்க மறுக்கும் திட்டங்கள் உண்டு. கட்டட அனுமதி தேவையா என்பதையும் தூண் நடும் முன் கேட்டுவிடுங்கள்.

8. காலம்

இரும்பு விலை நாளுக்கு நாள் ஆடும். கோட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்று எழுதியிருக்க வேண்டும். எனக்கு வந்தவற்றில் ஒன்று மூன்றே நாள்.

மழைக்காலம் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே பேச ஆரம்பியுங்கள். மழை நெருங்கினால் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள், பேரமும் நடக்காது, வெல்டரும் கிடைக்கமாட்டார்.

நீளத்துக்கு வெட்டும் ஆர்டரை, சட்டம் ஏற்றி முடித்து, நாடாவால் நாலைந்து இடத்தில் அளந்தபின்தான் கொடுங்கள். வரைபடத்தில் 4.76 இருக்கும். வெல்டர் கையில் 4.82 ஆகியிருக்கும். வெட்டி வந்த தகட்டை நீட்ட முடியாது.

9. சரக்கு வந்து இறங்கும் நாள்

நீளத் தகடு வரும் வண்டி உங்கள் பாதையில் திரும்புமா, மேலே மின்கம்பி தாழ்வாக இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். எண்ணுங்கள், நிறுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். கீறலோ மடிப்போ இருந்தால் டெலிவரி சீட்டிலேயே எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுகளைத் தரையில் போடாமல் கட்டைமேல் சற்றுச் சாய்வாக அடுக்கி, காற்று போகும்படி மூடுங்கள். அடுக்கிய தகடுகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்தால் சில நாளிலேயே மாவு பூத்ததுபோல வெள்ளைத் துரு பிடிக்கும். நனைந்துவிட்டால் உடனே பிரித்துத் துடைத்துக் காயவிடுங்கள். நனைந்தே வந்து இறங்கினால் அதையும் சீட்டில் எழுதுங்கள்.

10. மாட்டும் நாள்

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 144 கி.மீ. வேகப் புயலில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ. தகட்டின் எடை 4 கிலோ. பக்கம் திறந்த கொட்டகையில் காற்று உள்ளே புகுந்து கீழிருந்து தள்ளவும் செய்யும். கூரையைப் பிடித்து நிறுத்துவது திருகும் சட்டமும் தூணின் அடியும்தான், தகட்டின் கனம் அல்ல.

சதுர மீட்டருக்கு 6 முதல் 8 திருகு சாதாரணமாகப் போகும். இறவாரம், முகடு, இரு முனைகள் ஆகிய ஓரங்களில் காற்றின் இழுப்பு அதிகம். அங்கே ஒரு நெளிகூட விடாமல் அடிக்கச் சொல்லுங்கள். கூலி ஆள் அவசரத்தில் ஒன்று விட்டு ஒன்று அடித்துப் போய்விடுவார். கீழே நின்று எண்ணுங்கள்.

திருகின் இபிடிஎம் ரப்பர் வாஷர் லேசாக அமுங்கி, உலோக வளையத்தின் ஓரத்தில் மயிரிழை எட்டிப் பார்த்தால் சரியான இறுக்கம். பிதுங்கி வெளியே வந்தால் அதிகம், அது அடுத்த கோடையிலேயே வெடித்து ஒழுகும். திருகை மலிவாக வாங்காதீர்கள். நல்ல தகட்டில் மட்டமான திருகு போட்டால் முதலில் துருப்பிடிப்பது திருகின் தலை, அதிலிருந்து வழியும் துருநீர் தகட்டையும் கெடுக்கும்.

துளையிட்டபோது சிதறும் இரும்புத் தூளை அன்றன்றைக்கே மெல்லிய விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளச் சொல்லுங்கள். விட்டுவிட்டால் ஒரே மழையில் கூரை முழுக்கச் செம்புள்ளி. கல் வெட்டும் சக்கரத்தால் தகட்டை வெட்ட விடாதீர்கள், சூட்டில் ஓரத்துப் பூச்சு எரிந்துபோகும். கத்தரியால் வெட்ட வேண்டும்.

மேலே ஏறுகிறவர் பர்லின் கோட்டின்மேல்தான் கால் வைக்க வேண்டும். சிமெண்டு அட்டை மீதும் கண்ணாடித் தகடு மீதும் நேராக யாரும் மிதிக்கக் கூடாது, பலகை போட்டு நடக்க வேண்டும். மின்சார ஒயர் தகட்டின் வெட்டிய ஓரத்தில் உரசாமல் குழாய்க்குள் போக வேண்டும்.

முதல் கனமழையன்று கொட்டகைக்குள் போய் நின்று, சொட்டும் இடத்தைச் சாக்பீஸால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். கூலியின் கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வையுங்கள். அதே சுருளில் வெட்டிய இரண்டு தகடு கூடுதலாக வாங்கி உள்ளே சாய்த்து வைத்தால், மரக்கிளை விழுந்தாலும் நிறம் ஒத்துப்போகும். வருஷத்துக்கு இரண்டு தடவை அழுத்தமில்லாத தண்ணீரால் தகட்டின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மாடுகளை வெளியே ஓட்டியபின்.